மெஷினை வாங்கினேன், தொழிலைப் பிறகுதான் படித்தேன்

கடந்த வாரம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, எமது ஊரில் புடைவைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நானா, ஒங்கள்ட்ட ஒரு விஷயம் கேக்கோணும். மகன் ஏ.எல். முடிச்சிட்டான். கொழும்புல ஒரு கொலேஜ்ல போட்டோகிராஃபியும் டிஜிட்டல் இமேஜிங்கும் படிக்கப் போறேன் எண்டு நிக்கிறான். எல்லாரும் போன்ல போட்டோ எடுக்கிற காலத்துல இதுக்குக் காசு கட்டிப் படிக்கோணுமா?"

கேள்வி நியாயமானது. ஒரு வியாபாரி கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். நின்ற நிலையில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. ஏனென்றால் இதே படிப்பை நானே 33 வயதில், இரண்டு பிள்ளைகளின் தகப்பனாக இருந்துகொண்டு படித்தவன். அன்று சொல்ல முடியாமல் போனதை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். பிள்ளைகளைத் தொழிற்கல்விக்கு அனுப்ப யோசிக்கும் மற்றவர்களுக்கும் இது பயன்படலாம்.

வாப்பாவின் இருட்டறை

மர்ஹூம் வாப்பா 1968இல் மாவனல்லையில் ஸ்டூடியோவைத் தொடங்கினார். அப்போது எல்லாமே கறுப்பு வெள்ளை. கடையின் பின்பக்கம் ஓர் இருட்டறை இருந்தது. சிவப்பு பல்பு வெளிச்சத்தில் கடதாசியை மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டுவார். வெள்ளைக் கடதாசியில் முகம் மெல்ல மெல்ல எழும்பி வரும். முகத்தில் பரு இருந்தால் நெகட்டிவ்வின் மேல் கூர்மையான பென்சிலால் தொட்டுச் சரி செய்வார். அந்த வேலையைக் கற்க அவர் ஒரு பெரிய ஸ்டூடியோவில் நான்கு வருடம் சம்பளமில்லாமல் நின்றாராம்.

நானோ நான்கு நாள்கூடக் கற்கவில்லை. 2003இல் பில்ம் விற்பனை குறைவதைக் கண்டேன். புறக்கோட்டைக்குப் போனேன். ஒரு டிஜிட்டல் கமெரா, ஒரு கணினி, ஒரு பிரின்டர் ஆகிய மூன்றையும் லீசிங்கில் எடுத்து வந்தேன். கடைப் பலகையில் "டிஜிட்டல்" என்ற சொல்லைச் சேர்த்தேன். தொழில் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் மூன்று திருமண அல்பங்கள் திரும்பி வந்தன. ஒரு மணமகளின் பச்சைச் சாரி படத்தில் பழுப்பு நிறமாக இருந்தது. பெரிதாக்கிய படங்களில் முகங்கள் கட்டங்கட்டமாகத் தெரிந்தன. கமெராவைக் குறை சொன்னேன். பிரின்டரைக் குறை சொன்னேன். இன்னும் விலை கூடிய மெஷின் வாங்கினால் சரியாகிவிடும் என்று மீண்டும் லீசிங் கம்பனிக்குப் போக ஆயத்தமானேன். மனைவிதான் தடுத்தார். "மெஷின் பிழையா, நமக்குத் தெரியாததுதான் பிழையா எண்டு முதல்ல பாருங்க" என்றார்.

33 வயதில் மாணவன்

2004இல் கொழும்பில் ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறு நடைபெறும் ஒரு வருடப் பாடநெறியில் சேர்ந்தேன். ஃபஜ்ர் தொழுதுவிட்டு பஸ் ஏறினால் வகுப்பு தொடங்க முன் போய்ச் சேரலாம். வகுப்பில் மற்ற எல்லோரும் இருபது வயதுப் பிள்ளைகள். முதல் நாள் என்னை விரிவுரையாளர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

முதல் பாடமே எனக்கு வெட்கத்தைத் தந்தது. விரிவுரையாளர் முஸ்லிம் அல்லாதவர். அவர் பாடத்தை இப்னுல் ஹைதமில் இருந்து தொடங்கினார். பஸ்ராவில் சுமார் 965இல் பிறந்த இந்த அறிஞர், இருட்டறையின் சிறு துளை வழியே வரும் ஒளி நேர்கோட்டில் செல்வதைப் பரிசோதித்துக் காட்டியவர். பொருளில் இருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே நாம் பார்க்கிறோம் என்று "கிதாபுல் மனாளிர்" என்ற நூலில் விளக்கியவர். இருட்டறையிலேயே வளர்ந்த எனக்கு அந்தப் பெயர் அன்றுதான் தெரிய வந்தது.

அடுத்த பாடம் வெறும் கணக்கு. நல்ல பிரின்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200ஐ 1800ஆல் பெருக்கினால் சுமார் 22 இலட்சம் புள்ளிகள். 12க்கு 18 அங்குலத்துக்கு சுமார் 194 இலட்சம். என் கமெராவோ 30 இலட்சம் புள்ளி கொண்டது. சிறிய படத்துக்கு அது தாராளம். பெரிய படத்திலோ அங்குலத்துக்கு 130 புள்ளிகூட வராது. கமெராவில் பிழையில்லை. அதனால் முடியாத ஒன்றை வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்த என்னிலேயே பிழை இருந்தது.

பச்சைச் சாரியின் மர்மமும் துலங்கியது. பகல் வெளிச்சத்தின் நிறவெப்பம் ஏறத்தாழ 5500 கெல்வின். மஞ்சள் பல்பின் அளவு 3000 அளவில் நிற்கும். எம் கண் இரண்டையும் சரிசெய்து பார்த்துக்கொள்ளும். கமெராவுக்கு நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். மணமேடையில் மஞ்சள் பல்பு, மேலே டியூப் லைட், என் கையில் பிளாஷ் என்று மூன்று வித வெளிச்சம். அதற்கு மேல், நிறம் சரி பார்க்காத ஒரு கணினித் திரை. அதிலே பார்த்து நிறத்தைத் திருத்தினால் சாரி பழுப்பாகாமல் என்ன செய்யும்? சில நூறு ரூபா பெறுமதியான ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து வெளிச்சத்தை அளந்திருந்தால் அந்த அல்பத்தைக் காப்பாற்றியிருக்கலாம்.

வகுப்பில் இருந்து ஓடிய நாள்

இனிச் சொல்வதை இதுவரை மிகச் சிலரிடமே சொல்லியிருக்கிறேன்.

எமது திருமண வீடுகளில் பெண்கள் பகுதிக்கு ஆண்கள் கமெராவுடன் போவதில்லை. எனவே அந்தப் பகுதியை என் மனைவியே எடுப்பார். படங்களைக் கணினியில் போடுவதும், பிரின்ட் எடுப்பதும், அழிப்பதும் அவரே. ஊரில் ஒரு மதிப்புக்குரிய வர்த்தகர் தன் மகளின் திருமணத்தை எங்களிடம் தந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "இந்தப் படம் எங்கட வீட்டத் தவிர வேற எங்கயும் போகப் படாது. இது அமானிதம்."

அப்படியே செய்தோம். அல்பத்தைக் கொடுத்தவுடன் மனைவி எல்லாப் படங்களையும் அழித்தார். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார். பிறகு புதிய கணினி ஒன்று எடுத்ததால் பழையதைக் கேகாலையில் புதிதாகக் கொமியூனிகேஷன் கடை திறக்கவிருந்த ஒருவருக்கு விற்றேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை வகுப்பில் விரிவுரையாளர் ஒரு மெமரி கார்ட்டைக் கையில் எடுத்தார். எங்கள் கண் முன்னாலேயே அதில் இருந்த படங்களை அழித்தார். அதன்பின் ஒரு மென்பொருளை ஓடவிட்டார். சில நிமிடங்களில் அழித்த படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நின்றன.

அவர் விளக்கினார். கணக்குப் புத்தகத்தின் முன்பக்கத்தில் பெயரும் பக்க எண்ணும் கொண்ட ஓர் அட்டவணை இருக்கும் அல்லவா? நாம் அழிக்கும்போது கணினி அந்த அட்டவணையில் உள்ள பெயரை மட்டுமே வெட்டுகிறது. உள்ளே இருக்கும் பக்கம் அப்படியே கிடக்கிறது. அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை தெரிந்தவன் எடுத்துப் படிக்கலாம்.

எனக்கு உடம்பு நடுங்கியது. வருவோர் போவோரெல்லாம் உட்காரப் போகும் ஒரு கடைக்கு அந்தக் கணினியை விற்றிருக்கிறேன். விரிவுரையாளரிடம் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். கோட்டையில் கண்டி பஸ் ஏறிக் கேகாலையில் இறங்கும்போது மஃரிப் நேரம். கடை இன்னும் திறக்கவில்லை. கணினி பெட்டியோடு மூலையில் இருந்தது. விஷயத்தை உள்ளபடி சொன்னேன். அந்த மனிதர் மறு பேச்சின்றி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தந்தார். அடுத்த நாள் புதிய டிஸ்க் ஒன்றை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.

அன்றிரவு வீட்டில் அதே மாதிரி மென்பொருளை ஓடவிட்டோம். நான் அறைக்கு வெளியே நின்றேன். மனைவி திரையைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, "எல்லாமே இருக்கு" என்று மட்டும் சொன்னார். டிஸ்க் முழுவதும் மேலெழுதி அழித்த பிறகே உறங்கப் போனோம்.

அந்த வர்த்தகரிடம் சொல்வதா, விடுவதா? யாரும் பார்க்கவில்லை, எதற்கு வீண் பேச்சு என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அமானிதம் என்று சொல்லித் தந்தவரிடம் மறைப்பது எப்படி? போய்ச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த மகளின் திருமணத்தை வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுத்தார். நான் குறை சொல்ல மாட்டேன். அது அவருடைய உரிமை.

அதன் பிறகு எமது கடையில் ஓர் எழுத்து மூல ஒழுங்கு வந்தது. பெண்கள் பகுதிப் படங்களுக்குத் தனி டிஸ்க். அதைக் கையாள்வது பெண்கள் மட்டுமே. வாடிக்கையாளர் அல்பத்தைப் பெற்றுக் கையொப்பமிட்டதும் மேலெழுதி அழிப்பு. பழைய டிஸ்க் எதுவும் விற்பனைக்கு இல்லை. இன்று பல குடும்பங்கள் எங்களைத் தேடி வருவது இந்த ஒழுங்குக்காகவே. அல்ஹம்துலில்லாஹ். இப்போது என் மகளும் இதே துறையைப் படித்துவிட்டு, பெண்கள் பகுதி வேலையைத் தானே நடத்துகிறார்.

கொடக் கம்பனி தரும் பாடம்

மெஷின் வேறு, தொழில் வேறு என்பதற்கு உலகம் அறிந்த உதாரணமும் உண்டு. முதலாவது டிஜிட்டல் கமெராவை 1975இல் செய்தவர் ஸ்டீவன் சாசன். அவர் வேலை செய்தது கொடக் கம்பனியில்தான். ஆனால் பில்ம் விற்றுச் சம்பாதித்த அந்தக் கம்பனி, தன் கையில் இருந்த புதியதை வைத்துத் தன் வியாபாரத்தை உரிய நேரத்தில் மாற்றவில்லை. 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதே பில்ம் வியாபாரத்தில் இருந்த ஜப்பானின் ஃபுஜிஃபில்ம், பில்ம் செய்வதில் தனக்கிருந்த இரசாயன அறிவை மருத்துவத் துறைக்கும் அழகுசாதனப் பொருட்களுக்கும் திருப்பி இன்றும் நிலைத்திருக்கிறது. என்ன விற்கிறோம் என்பதைவிட, நமக்கு என்ன தெரியும் என்பதை அறிந்தவன் பிழைத்துக்கொள்கிறான்.

போன் வந்தபின் எங்களுக்கும் பாதி வேலை போனது உண்மை. பில்ம் கழுவுதல் போனது. சுற்றுலாப் படங்களைப் பிரின்ட் எடுப்பது போனது. ஆனால் கடவுச்சீட்டுப் படத்தைப் பதிவு பெற்ற ஸ்டூடியோவே எடுத்து அனுப்ப வேண்டும். அதில் முகத்தை அழகாக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் சாரி, பாதணி, நகை விற்போருக்குச் சரியான நிறத்தில் படம் வேண்டும். நிறம் மாறினால் பொருள் திரும்பி வரும், நஷ்டம் வியாபாரிக்கு. புடைவைக் கடை நண்பருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பணம் கட்ட முன் கேட்க வேண்டியவை

நண்பருக்கும் அவர் போன்ற பெற்றோருக்கும் சில வார்த்தைகள்.

முதலாவது, கல்லூரியும் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றவையா, என்.வி.கியூ. மட்டம் என்ன என்று கேளுங்கள். சுவரில் தொங்கும் அழகான சான்றிதழ் மட்டும் போதாது. ஏற்கனவே தொழில் தெரிந்தவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறையும் உண்டு.

இரண்டாவது, வாரத்தில் எத்தனை மணித்தியாலம் பிள்ளையின் கையில் கமெரா இருக்கும் என்று கேளுங்கள். ஒரு கமெராவைச் சுற்றி இருபது பேர் நிற்கும் வகுப்பு வேண்டாம்.

மூன்றாவது, மென்பொருள் மட்டும் கற்பிக்கிறார்களா, வெளிச்சமும் கற்பிக்கிறார்களா என்று பாருங்கள். மென்பொருள் வருடாவருடம் மாறும். பிளாஷில் இருந்து இரட்டிப்புத் தூரம் தள்ளி நின்றால் வெளிச்சம் காற்பங்காகும் என்ற விதி மாறாது.

நான்காவது, கணக்கு. கமெரா, லென்ஸ், பிளாஷ் எல்லாம் சேர்த்து ஆறு இலட்சம் என்று வைப்போம். நான்கு வருடம் பாவித்தால் வருடத்துக்கு ஒன்றரை இலட்சம். வருடத்தில் 30 திருமணம் என்றால், ஒவ்வொரு திருமணத்திலும் 5,000 ரூபா தேய்மானமாகப் போகிறது. இதைக் கழிக்காமல் விலை சொல்பவன் தன் முதலையே இலாபமென்று சாப்பிடுகிறான். இந்தக் கணக்கைக் கற்பிக்காத பாடநெறி அரைவாசிப் பாடநெறி.

கடைசியாக ஒன்று. முதல் வருடம் முடியும் வரை மகனுக்கு விலை கூடிய கமெரா வாங்கிக் கொடுக்க வேண்டாம். நான் செய்த தவறு அதுதான். முதலில் படிக்கட்டும். எதை வாங்க வேண்டும், எதை வாங்கத் தேவையில்லை என்று அவனே சொல்வான்.

நேற்று நண்பருக்குத் தொலைபேசியில் இவற்றைச் சொன்னேன். வருகின்ற சனிக்கிழமை மகனோடு கல்லூரியைப் பார்க்கப் போகிறாராம். என்னையும் வரச் சொன்னார். இன்ஷா அல்லாஹ், நானும் போகிறேன்.