வேலிக்கு வேலி, ஊறுகாய்க்கு ஊறுகாய்!
களாச்செடி வளர்ப்போம் வாருங்கள்

"கிட்டாத பலாக்காயைவிடக் கிட்டிய களாக்காயே மேல்" என்பது பழமொழி.

பலாக்காயை நமக்குத் தெரியும். களாக்காய்? "அது எப்படி இருக்கும்?" என்று இன்றைய குழந்தைகள் கேட்கிறார்கள். பாட்டிமார்களைக் கேளுங்கள். பெயரைச் சொன்னதுமே அவர்கள் நாவில் நீர் ஊறும்!

மதுரையை அடுத்த பசுமலையில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. சித்திரை, வைகாசியில் பாறையே கொதிக்கும். ஐப்பசி மழை வரும்வரை செடிகள் தாங்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்துக்கு ஏற்ற செடிதான் களா.

மாயப் பசு ஒன்று விழுந்து மலையானதால் பசுமலை என்று பெயர் வந்ததாகத் திருவிளையாடற் புராணக் கதை சொல்கிறது. அந்தப் பசுவை நந்தி தடுத்தது. நம் தோட்டத்துக்குள் நுழையும் பசுவையும் ஆட்டையும் தடுக்கக் களா வேலி போதும்!

அழகும் உண்டு, முள்ளும் உண்டு

களா என்றும் பச்சையாக இருக்கும் செடி. மல்லிகையைப் போன்ற சிறு வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நல்ல மணம் வீசும். காய் முதலில் பச்சையாக இருக்கும். பிறகு இளஞ்சிவப்பாகும். பழுத்தால் கறுத்துவிடும். முள்ளோ கவட்டையாகப் பிரிந்து ஊசிபோல நிற்கும்.

இதன் தம்பி சிறுகளா. அது கரடுகளிலும் காட்டோரங்களிலும் தானாகவே வளர்கிறது. நெல்லைச் சீமையில் உள்ள களக்காடு என்ற ஊரின் பெயரே களாச்செடியால் வந்தது என்று சொல்வார்கள்.

வெள்ளையர் வளர்த்த வேலி

களா வேலிக்குச் சரித்திரமும் உண்டு. வெள்ளையர் ஆட்சியில் உப்புக்குக் கடுமையான வரி போட்டார்கள். வட இந்தியாவில் வரி கட்டாத உப்பு எல்லை தாண்டி வராமல் தடுக்க, நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு முள்வேலி வளர்த்தார்கள். இலந்தை, கருவேலம், கள்ளியோடு களாவும் அதில் இருந்தது.

1867 முதல் 1870 வரை அந்தச் சுங்க இலாகாவின் தலைவராக இருந்தவர் ஹியூம் துரை. 1885-ல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாக இருந்தவரும் அவரேதான்! 1879-ல் அந்தச் சுங்க எல்லை கைவிடப்பட்டது. ஏழையின் உப்பைத் தடுக்க நின்ற செடி, இன்று நம் வீட்டு ஊறுகாய்க்குக் காய் தருகிறது!

எப்படி வளர்ப்பது?

ஆடி, ஆவணியில் நன்றாகக் கறுத்த பழத்தை வாங்குங்கள். விதையை எடுத்துக் கழுவி, உடனே விதையுங்கள். நாள் கடந்தால் முளைக்காது.

நாற்று ஓராண்டு வளரட்டும். அடுத்த மழைக்காலத்தில் ஒன்றரை அடிக் குழி தோண்டி, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து போட்டு நடுங்கள். வேலிக்கு என்றால் 2 அல்லது 3 அடிக்கு ஒரு செடி. பழத்துக்கு என்றால் 8 அடி இடைவெளி வேண்டும்.

முதல் ஆண்டு வாரம் ஒரு முறையாவது தண்ணீர் ஊற்றுங்கள். வேர் பிடித்துவிட்டால் பிறகு கவலை இல்லை. வறட்சியைத் தாங்கும் களா, தேங்கிய நீரைத் தாங்காது. இதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த செடி ஆண்டுக்கு 3 முதல் 5 கிலோ வரை தரும்.

"செடி நன்றாக இருக்கிறது, காயைத்தான் காணோம்" என்று சிலர் குறைப்படுவார்கள். காரணம் அவர்கள் கையில் உள்ள கத்தரிக்கோல்! கிளையின் நுனியில்தான் களா பூக்கும். மாதந்தோறும் நுனியை வெட்டினால் காய் எப்படி வரும்? காய் பறித்து முடிந்தபின், ஆண்டுக்கு ஒரு முறை வெட்டினால் போதும்.

தாய்மார்களுக்கு

ஊறுகாய்க்குப் பச்சைக் காய்தான் நல்லது. நறுக்கும்போது பிசுபிசுப்பான பால் வரும். காயை உப்பு நீரில் சிறிது நேரம் போட்டுக் கழுவுங்கள். விதையை நீக்கி, உப்பும் மஞ்சள் தூளும் போட்டு இரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் சேர்த்து, காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றுங்கள். பழையசோற்றுக்கு வேறு என்ன வேண்டும்?

பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சினால் தானாகவே உறைந்து ஜெல்லி ஆகும். கேக்கின் மேல் சிவப்பாக 'செர்ரி' என்று வைக்கிறார்களே, அதில் பல, சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான்!

எச்சரிக்கை!

களாவும் அரளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செடிகள். இரண்டிலும் பால் வரும். ஆனால் அரளி கொடிய விஷம். தங்க அரளியின் காயும் முற்றினால் கறுக்கும். அதன் விதை உயிரைக் குடித்துவிடும்.

களாவில் முள் உண்டு. அரளியில் முள் இல்லை. இதைக் குழந்தைகளுக்குச் செடியின் அருகே நிறுத்திக் காட்டுங்கள். பெரியவர்களிடம் காட்டாமல் எந்தப் பழத்தையும் வாயில் வைக்கக் கூடாது என்று பழக்குங்கள். தவறி அரளி விதையைத் தின்றுவிட்டால், கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

குழந்தைகள் ஓடி விளையாடும் பாதை ஓரத்திலும் களாவை வைக்க வேண்டாம். முள் கண்ணில் படக்கூடும். கொல்லைப்புற எல்லையே அதற்கு ஏற்ற இடம்.

கம்பி வேலி நாளாக ஆகத் துருப்பிடிக்கும். களா வேலியோ நாளாக ஆக அடர்ந்து வளரும். ஆண்டுதோறும் காயும் தரும். வரும் மழைக்கு ஒரு செடியாவது நடுங்கள்!