பத்து நிமிடமும் ஒரு விள்ளல் பால்கோவாவும்

புகை விடும் காலம் – 7

சிகரெட்டை நிறுத்திய முதல் சில நாட்கள் எப்படி இருக்கும் என்று சென்ற வாரம் பார்த்தோம். தலை கனக்கும், தூக்கம் கெடும், எதிரே வருகிறவரிடமெல்லாம் எரிந்து விழத் தோன்றும். இரண்டாம் மூன்றாம் நாளில் இதெல்லாம் உச்சத்துக்குப் போய், அப்புறம் படிப்படியாக இறங்கி, 2 முதல் 4 வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அந்த நாட்களைத் தாண்டி வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். உடம்பு பட்ட பாட்டை அவர்கள் அதிகம் சொல்வதில்லை. "நாளே சப்புன்னு இருக்கு சார்" என்பார்கள். இந்த வாரம் அந்தச் 'சப்பு' பற்றித்தான்.

புகைக்கிற ஒருவரின் நாளை உற்றுப் பாருங்கள். காலையில் எழுந்ததற்கு ஒன்று. சாப்பிட்டு முடித்ததற்கு ஒன்று. பஸ் வரும்வரை ஒன்று. முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் ஒன்று, பாராட்டு வாங்கினாலும் ஒன்று. முடித்த ஒவ்வொரு சின்ன வேலைக்கும் தனக்குத் தானே கூலி கொடுத்துக்கொண்டு போகிறார் அவர். அதுவும் கைமேல் கூலி. உள்ளே இழுத்த நிகோடின் 10, 20 விநாடிக்குள் மூளைக்குப் போய் அங்கே டோபமைனைச் சுரக்க வைக்கிறது. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். குறையக் குறைய மனசு அடுத்ததைக் கேட்கத் தொடங்கும்.

இப்படிப் பல வருஷம் ஓடிய ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலையில் நிறுத்துகிறார். அதே பஸ், அதே முதலாளி, அதே சாப்பாடு. வேலை ஒன்றும் குறையவில்லை, கூலி மட்டும் நின்றுபோகிறது. சப்பென்று இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

அதனால்தான் விடுகிற காலத்தில் தனக்கென்று சின்னச் சின்னதாக ஏதாவது செய்துகொள்வதை நான் ஆடம்பரமாக நினைப்பதில்லை. டாக்டரின் ஆலோசனை, நிகோடின் சூயிங்கம், மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து வைக்க வேண்டிய விஷயம் அது. இந்தப் பேச்சை எடுத்தால் வீடுகளில் ஒரு கோபம் எழும்: "இத்தனை வருஷம் காசைக் கரியாக்கினவருக்கு, நிறுத்தினதுக்குப் பரிசு வேறயா?" நியாயமான கோபம். இருமலையும் நாற்றத்தையும், மளிகைக்கு இல்லாத காசு சிகரெட்டுக்கு மட்டும் இருந்ததையும் பொறுத்துக்கொண்டவர்கள் கேட்கிற கேள்வி அது. அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பழைய கணக்கைத் தீர்க்க வேறு நாள் இருக்கிறது. அவர் நிறுத்திய முதல் மூன்று மாதம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. வயதில் மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். காகிதமும் மையும் மண்ணெண்ணெயும் இருக்கிற இடத்தில் தீக்குச்சி உரச முடியாது. ஆகவே ஒரு ஃபாரம் ஓடி முடிந்ததும் பிளேட்டைக் கழற்றி, பிளாங்கெட்டைத் துணியால் துடைத்துவிட்டுத் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போவார். கடைத் தூணில் கனன்றுகொண்டு தொங்கும் கயிற்றில் பற்ற வைத்துக்கொண்டு, எதிரே இருக்கிற வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் நிற்பார். பிறகு திரும்பிவந்து அடுத்த பிளேட்டை மாட்டுவார்.

காலண்டர் வேலை ஓய்ந்து தை பிறந்த சமயமாகப் பார்த்து அவர் நிறுத்தினார். வேலை குவிகிற மாதத்தில் நாள் குறித்துவிட்டுத் திண்டாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் குறித்தது நல்ல நேரம். சில நாள் கழித்து நான் போனபோது முகம் வாடியிருந்தது.

"தம்முகூடப் பரவால்ல தம்பி. வெளிய போக முடியல, அதுதான். கையில ஒண்ணுமில்லாம மரத்தடியில போயி நின்னா, 'என்ன அண்ணாச்சி, சும்மா நிக்கிறீக'ன்னு கேக்கான்."

விஷயம் முழுக்க இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது என்பேன். கையில் சிகரெட் இருந்தால் வேலை நேரத்தில் பத்து நிமிடம் நிற்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அது இல்லாவிட்டால் நிற்பவன் சோம்பேறி. உழைக்கிற எத்தனையோ பேருக்கு வெயிலையும் தெருவையும் பார்த்துக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்து விடுவதற்குக் கிடைத்த ஒரே இடைவேளை சிகரெட்தான். விடுகிறபோது அந்த இடைவேளையும் சேர்ந்து போய்விடுகிறது. புகைக்காத தொழிலாளிக்கு அது முதலிலேயே கிடையாது என்பது தனி அநியாயம்.

ஆகவே முதல் பரிசு அந்தப் பத்து நிமிடமாக இருக்கட்டும். காசு செலவில்லாதது, கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். அண்ணாச்சி தன் முதலாளியிடம் நேராகவே கேட்டார். "ஃபாரத்துக்குப் பத்து நிமிசம் எப்பவும்போல வெளிய போவேன், கடைப்பக்கம் போக மாட்டேன்" என்றார். முதலாளி மறுக்கவில்லை. இப்போது கடைக்கு எதிர்த்திசையில் ஒரு பூட்டிய வீட்டுத் திண்ணைதான் அவர் இடம். கூடவே பனங்கிழங்கு எடுத்துப் போகிறார். தை மாசம் அங்கே அவித்த கிழங்கு தாராளமாகக் கிடைக்கும். தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் குருத்தை எடுத்து, நாரை ஒவ்வொன்றாக உருவித் தின்று முடிப்பதற்குள் கைக்கும் வாய்க்கும் நல்ல வேலை. புகைக்கத் தோன்றும் வேகம் ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான் நீடிக்கும். ஒரு கிழங்கு தின்று முடிக்கிற நேரம் அதற்குப் போதும்.

இரவுப் பரிசு வேறு. சிவகாசிக்குப் பக்கத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். வாரம் ஒருமுறை கால் கிலோ பால்கோவா வாங்கி வந்து மகளிடம் கொடுத்துவிடுவார். அவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவர் வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும், "வாயை ஊதுங்கப்பா" என்பாள். ஊதுவார். அவள் முகர்ந்து பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு விள்ளல் எடுத்து அவர் கையில் வைப்பாள். மிச்சத்தை மூடி உள்ளே கொண்டுபோய்விடுவாள். கெஞ்சினாலும் இரண்டாவது விள்ளல் கிடையாது.

"எத்தன வருசமா இதத் திங்கேன். இப்பத்தான் பால் வாசன தெரியுது" என்றார் என்னிடம். உண்மைதான். புகை நின்ற சில நாட்களிலேயே மூக்கும் நாக்கும் தெளியத் தொடங்கிவிடும். நாக்கு புதிதாக ருசி பார்க்கிற அந்த வாரங்களில் பிடித்த பண்டம் ஒன்றைக் கொஞ்சமாகத் தருவதைவிட நல்ல சமயம் வராது.

மகள் வாயை முகர்ந்து பார்ப்பது விளையாட்டாகத் தோன்றலாம். ஆய்வுகளில் நடப்பதும் இதுவேதான். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர் 1990களின் தொடக்கத்தில் கொகெய்ன் பழக்கத்தை விட முயன்றவர்களுக்கு ஓர் ஏற்பாடு செய்தார். சிறுநீர்ச் சோதனையில் தேறினால் பொருள் வாங்கிக்கொள்ளச் சீட்டு. முதல் தடவைக்கு இரண்டரை டாலர், தொடர்ந்து தேறத் தேற அது ஏறிக்கொண்டே போகும். ஒருமுறை தவறினால் மறுபடி இரண்டரையிலிருந்து. 1996இல் அவரும் சகாக்களும் இதையே சிகரெட்டுக்குச் செய்து பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே அளவு பரிசு. இன்னொரு குழுவுக்குச் சிறிதாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும், தவறினால் கீழே வரும் பரிசு. ஏறுமுகப் பரிசு பெற்றவர்கள்தான் நிறுத்தியபின் மறுபடி பற்ற வைக்காமல் அதிகம் தாக்குப் பிடித்தார்கள். முதல் நாள் கடலை மிட்டாய், வாரம் முடிந்தால் குடும்பத்தோடு விருதுநகர் எண்ணெய் பரோட்டா, மாதம் முடிந்தால் புது வேட்டி சட்டை என்று நம் வீட்டில் போடுகிற திட்டத்துக்கும் இதே முறை பொருந்தும். மாதக் கடைசியில் ஒரு கைக்கடிகாரம் என்று மட்டும் வைத்துக்கொண்டால், மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு அது எதற்கும் உதவாது. விநாடிகளில் கிடைத்த கூலிக்குப் பதிலாக வருவது அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே கைக்கு வர வேண்டும்.

நம்மைப்போன்ற இன்னொரு ஆசிய நாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவில் 2006இல் ஒரு வங்கி புகைப்பவர்களுக்கென்றே சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கியது. சிகரெட்டுக்குப் போகிற காசை 6 மாதம் அதில் போட்டுவர வேண்டும். முடிவில் சிறுநீர்ச் சோதனை. தேறினால் பணம் முழுதும் திரும்பும், தேறாவிட்டால் தர்மத்துக்குப் போய்விடும். இந்தக் கணக்கைத் தொடங்க வாய்ப்புக் கிடைத்தவர்களில் 11 சதவீதம் பேர்தான் ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் வாய்ப்புக் கிடைக்காதவர்களைவிட வாய்ப்புக் கிடைத்தவர்களில் கூடுதல் பேர் விட்டிருந்தார்கள். ஒரு வருடம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் போய்ச் சோதித்தபோதும் அந்த வித்தியாசம் இருந்தது. பணத்தை இழந்துவிடும் பயம் வேலை செய்யத்தான் செய்கிறது, ஆனால் அதற்குத் துணிகிறவர்கள் குறைவு. பரிசு என்றால் வருகிறவர்கள் அதிகம். 2015இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் பரிசுத் திட்டத்துக்கு 90 சதவீதம் பேர் சம்மதித்தார்கள், சொந்தப் பணத்தைப் பணயம் வைக்கும் திட்டத்துக்கு 14 சதவீதம் பேர்கூட வரவில்லை. எனக்குப் பரிசுதான் பிடித்திருக்கிறது. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கிற மனிதரைத் தண்டனை காட்டி இழுக்க எனக்கு மனசில்லை.

2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பு இத்தகைய 33 ஆய்வுகளை, 21,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விட்டிருந்தார்கள். பரிசு நின்ற பிறகும் அது கரைந்துவிடவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆய்வுகளில் எல்லாம் சோதிப்பவர் வேறு, பரிசு வாங்குபவர் வேறு. தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வது மகா கஷ்டம். "இன்னிக்கு அரை சிகரெட்தானே" என்று மனசு உடனே வாதாட வந்துவிடும். ஆகவே பரிசை எடுத்துக் கொடுக்கும் அதிகாரத்தை வீட்டில் ஒருவரிடம், அல்லது நம்பிக்கையான ஒரு சக ஊழியரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர் கண்டிப்பானவராகவும் இருக்க வேண்டும், குத்திக்காட்டாதவராகவும் இருக்க வேண்டும். ஒருநாள் தவறிப்போனால் அன்று பரிசு இல்லை, மறுநாள் கடலை மிட்டாயிலிருந்து மறுபடி தொடக்கம். அதற்குமேல் ஒரு சொல் வேண்டாம்.

என்ன பரிசு என்பது அவரவர் விருப்பம். சிலவற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

டீயும் காபியும் நல்ல துணை என்று தோன்றும். ஆனால் சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி காபீனைச் சீக்கிரம் வெளியேற்ற வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே இரண்டு டம்ளர் காபி குடித்தாலும் ரத்தத்தில் காபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தங்கும். கை நடுங்கும், தூக்கம் வராது, படபடக்கும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று எண்ணி மறுபடி பற்ற வைத்தவர்கள் உண்டு. விட்ட வாரத்திலிருந்தே காபியைப் பாதியாக்கிவிடுங்கள்.

பாக்குப் பொட்டலம் கூடவே கூடாது. புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. வாய் திறக்க முடியாமல் இறுகிப்போகிற நோய்க்கும் அதுதான் காரணம். சிகரெட்டிலிருந்து பாக்குக்குப் போவதை விடுதலை என்று என்னால் ஏற்க முடியாது. சனிக்கிழமை மதுவும் ஆகாது, இரண்டாவது கிளாஸில் கை தானாகவே பக்கத்து நாற்காலிக்காரரின் பாக்கெட்டுக்குப் போகும். "ஒரு வாரம் இருந்துட்டேன், அதுக்கு ஒண்ணே ஒண்ணு" என்பது எல்லாவற்றிலும் மோசம். அந்த ஒன்று ஒன்றோடு நிற்பதை நான் பார்த்ததில்லை.

இனிப்பில் அளவு முக்கியம். நிகோடின் பசியை அடக்கி வைத்திருந்தது. அது போனதும் முதல் வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ எடை ஏறுகிறது, அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். அதற்குப் பயந்து விடாமல் இருப்பது தப்புக் கணக்கு. பகலில் நெல்லிக்காய், கொய்யா, வெள்ளரிப் பிஞ்சு என்று வைத்துக்கொண்டு இனிப்பை இரவுக்கு ஒரு விள்ளலாக வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தின்னாத பரிசுகள்தான் சரி: சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஞாயிற்றுக்கிழமை முடிதிருத்தும் கடையில் சாவகாசமாக ஒரு ஷேவிங், யாரும் சேனல் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு கிரிக்கெட் மேட்ச்.

காசு இல்லையே என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு சிகரெட் 20 ரூபாய், நாளைக்குப் பத்து என்று வைத்தால் மாதம் 6,000, வருடம் 73,000 ரூபாய். அதில் நாளைக்கு முப்பது ரூபாய் பரிசுக்குப் போனால் பாக்கி 170 ரூபாய் வீட்டுக்கு. அந்த 170ஐயும் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கச் சொல்லுவேன், வீட்டில் எழுந்த கோபம் தணிய அது உதவும். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.

மூளையில் நிகோடினுக்காகப் பெருகியிருந்த ஏற்பிகள் 6 முதல் 12 வாரத்தில் புகைக்காதவரின் அளவுக்கு வந்துவிடுகின்றன. அப்போது தினப்பரிசை வாரப்பரிசாக்கலாம். அண்ணாச்சி வீட்டில் இப்போது பால்கோவா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஆனால் அவருக்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் குவியும், இரவு ஷிப்ட் தொடங்கிவிடும். நள்ளிரவு இரண்டு மணிக்கு வாயை முகர்ந்து பார்க்க மகள் பக்கத்தில் இருக்க மாட்டாள். அதற்காகக் கூட வேலை செய்யும் பைண்டிங்காரர் ஒருவரிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறார். ஃபிளாஸ்கில் சுக்குமல்லிக் காபி அவர் பொறுப்பு. முதலில் வாயை ஊத வேண்டும், பிறகுதான் மூடியைத் திறப்பாராம்.

இரவு ஷிப்ட்காரர்கள் எப்படி விடுகிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)