வரப்பைக் காக்கும் வெட்டிவேர்

மேட்டுப்பாங்கான புன்செய் நிலங்களில் முதற் பெருமழையில் வரப்பு உடைவதும், மேல்மண் கரைந்து ஓடையிற் சேர்வதும் குடியானவர் யாவரும் அறிந்ததே. உடைந்த வரப்பைத் திரும்பக் கட்டிவிடலாம். போன மேல்மண் திரும்பி வாராது. இந்த நஷ்டத்தைக் குறைக்க, அதிகச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வெட்டிவேர்ப் புல்லை வரப்பின்மேல் நெருக்கமாக நட்டு, உயிர்வேலியாக வளர்ப்பதே அது.

புல்லின் குணம்

இப்புல் அறுகு, கோரை முதலியவற்றைப்போல் நிலத்தில் ஓடிப் பரவாது. நட்ட இடத்திலேயே தூர் கட்டி நிற்கும். வேர் பக்கங்களில் அதிகம் படராமல் நேர்கீழே இறங்கும். நல்ல மண்ணில் 10 அடி வரையிலும் செல்லும். ஆகையால் அடுத்துள்ள பயிருக்கு இடையூறு குறைவு. தென்னாட்டில் பயிராகும் ரகம் பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லையாதலால், களையாகிவிடுமென்ற அச்சமும் வேண்டுவதில்லை. வேரூன்றியபின் வறட்சியையும், சில நாள் தேங்கும் நீரையும் தாங்கும். தூரில் தடைப்பட்ட வண்டல் அங்கேயே படிய, வரப்பு வருஷந்தோறும் தானே உயரும்.

கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் நெடுங்காலமாக இதை நில எல்லையில் நட்டு வந்துள்ளனர். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1993-ஆம் ஆண்டில் இப்புல்லைப் பற்றித் தனி நூலே வெளியிட்டது.

நடும் முறை

முதிர்ந்த தூரைக் கிளப்பி, இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்த கன்றுகளாகப் பிரிக்கவேண்டும். தழையை 8 அங்குலத்திற்கும், வேரை 4 அங்குலத்திற்கும் நறுக்கி, நடும்வரை ஈரச்சாக்கில் நிழலில் வைக்கவேண்டும். மழையால் மண் நன்கு நனைந்தபின், சரிவுக்குக் குறுக்காக, சமமட்டத்தில், 4 முதல் 6 அங்குல இடைவெளியில் ஒரே வரிசையாக நடுக. மரநிழல் உதவாது. வரிசையில் ஒரு கன்று பட்டுப்போனாலும் அவ்விடத்தில் வெள்ளம் வழி கண்டுவிடும். உடனே வேறு கன்று ஊன்றவேண்டும்.

பராமரிப்பு

முதல் வருஷம் களையெடுத்து, ஆடுமாடுகள் மேயாமல் காக்கவேண்டும். பிறகு வருஷத்திற்கு இரண்டு மூன்று முறை ஒரு அடி உயரம் விட்டு அறுத்தாற் போதும். இளந்தழை மாட்டுக்கும், முற்றியது கூரைக்கும் மூடாக்குக்கும் உதவும். வீட்டுத் தோட்டப் பாதையோரத்திலும், கிணற்று நீர் வடியும் வாய்க்கால் ஓரத்திலும் இதனை நட்டால், தழை வளைந்து தொங்கிப் பார்வைக்கு அழகாயிருக்கும்.

ஓர் எச்சரிக்கை

தைலத்திற்கும் தட்டிக்கும் வேர் விலைபோவதால், சிலர் வரப்பிலுள்ள தூரையே தோண்டி விற்றுவிடுகின்றனர். அங்ஙனம் தோண்டிய வரப்பு, புல்லே நடாத வரப்பைவிட எளிதில் கரையும். வேர் விற்க விரும்புவோர் மணற்பாங்கான நிலத்தில் தனிப்பாத்தியாகப் பயிரிட்டு, ஒன்றேகால் முதல் ஒன்றரை வருஷத்தில் தோண்டி எடுக்கலாம். ஏரிக்கரை, வாய்க்கால்கரை முதலிய பொது இடங்களில் நட்ட புல்லை எவரும் வேருக்காகத் தோண்டாமல் கவனித்துக்கொள்வது கிராம அதிகாரிகளின் கடமையாகும். வரப்பில் உள்ள வேர் விற்பனைக்கு உரியதன்று. நிலத்தைக் காப்பதற்கே உரியது.