ஏ.சி. காற்று வரவில்லையா? காஸ் அடிப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

திருகோணமலையில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கராஜ்களில் ஒரே பேச்சுத்தான். உப்புவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சீனன்குடாவிலிருந்தும் வாகனத்தைக் கொண்டுவருபவர்கள் இறங்கியதும் சொல்வது: "ஏ.சி. வேலை செய்யேல்லை, காஸ் முடிஞ்சுபோச்சு போல." காஸ் நிரப்பப்படுகிறது. பணம் போகிறது. காற்று மட்டும் வருவதில்லை.

இது சொகுசுப் பிரச்சினை மட்டுமல்ல. நோயாளியை ஏற்றிக்கொண்டு சுமார் 260 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்குப் போகும் வாடகை வேன்கள் இங்கு பல உண்டு. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் இருக்கும் பழைய வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓடுவதே பலருக்கு வழி. எங்கே பிழை என்று தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

முதலில் பிரித்தறியுங்கள்

காற்று வருகிறது, ஆனால் குளிர் இல்லை என்றால் காஸ், கொம்பிரசர், கன்டென்சர் பக்கம் பார்க்க வேண்டும். காற்றே வரவில்லை என்றால் அது வேறு கதை. காற்றைத் தள்ளுவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் புளோவர் மோட்டார். அது மின்சாரத்தில் ஓடுவது. காஸுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை.

பியூஸும் ரிலேயும்

வாகனத்தை நிறுத்தி, சாவியை அணைத்துவிட்டுப் பியூஸ் பெட்டியைத் திறவுங்கள். பெரும்பாலும் ஒன்று எஞ்சின் பக்கம், இன்னொன்று ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். ஜப்பான் வாகனங்களில் புளோவர் பியூஸ் பெரும்பாலும் 'ஹீட்டர்' என்ற பெயரிலேயே குறிக்கப்பட்டிருக்கும். எரிந்திருந்தால் அதே அம்பியர் பியூஸையே போடுங்கள். கூடிய அம்பியர் போடுவதும் செம்புக் கம்பி சுற்றுவதும் வயர் தீப்பற்ற வழி. புதிய பியூஸும் உடனே எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கலாம், அல்லது வயர் எங்கோ உரசுகிறது. அதற்குமேல் மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

நான்காம் வேகத்தில் மட்டும் ஊதினால்

குறைந்த வேகங்களில் சத்தமே இல்லை, கடைசி வேகத்தில் மட்டும் ஊதுகிறது என்றால் ரெசிஸ்டர் எரிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். இது மோட்டாருக்கு அருகில் இருக்கும் சிறு பாகம். ஒன்றைக் கவனியுங்கள்: மோட்டார் பழுதாகி அதிக மின்சாரம் இழுப்பதால்தான் பல தடவை ரெசிஸ்டர் எரிகிறது. மோட்டாரைப் பார்க்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் அது மறுபடியும் எரியும். தானியங்கி ஏ.சி. உள்ள வாகனங்களில் ரெசிஸ்டருக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பாகம் இருப்பதால் இந்த அடையாளம் பொருந்தாது.

எந்த வேகத்திலும் ஓடவில்லையா? புளோவரைப் போட்டுவிட்டு, இடது இருக்கைக்கு முன்னால் உள்ள பெட்டியின் அடிப்பக்கத்தைக் கையால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான வாகனங்களில் மோட்டார் அங்கேதான் இருக்கிறது. தட்டியதும் ஓடத் தொடங்கினால் மோட்டாரின் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். இன்று ஓடினாலும் விரைவில் நிற்கும்.

கடற்கரையோர வாகனங்களில் மோட்டாரின் வயர் இணைப்புகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் முனைகள் பச்சை பூத்து, கறள் பிடித்து, மின்சாரம் போகாமல் நிற்கும். சுத்தம் செய்தாலே சரியாகிவிடுவதும் உண்டு.

காற்று மெல்ல வந்தால்

அந்தப் பெட்டிக்குப் பின்னால் உள்ள கெபின் பில்டரைக் கழற்றுங்கள். வேம்புக்குக் கீழே நிறுத்தும் வாகனமென்றால் சருகும், சில வேளை எலிக்கூடும் வரும். வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுவது நல்லது.

தொடக்கத்தில் நன்றாக ஊதி, அரை மணி நேரத்தில் காற்று குறைகிறதா? கூலிங் கொயிலில் பனி கட்டியிருக்கலாம். ஏ.சி. பொத்தானை அணைத்து, புளோவரை மட்டும் ஓடவிடுங்கள். பனி உருகியதும் காற்று திரும்பினால் காரணம் அதுதான். அடைத்த பில்டர், பழுதான வெப்ப உணரி, குறைந்த காஸ் ஆகியவற்றில் ஒன்று இதற்குக் காரணமாகலாம். காஸ் சந்தேகம் வரவேண்டிய இடம் இது. அப்போதும் கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். பல கார்களில் உள்ள ஆர்134ஏ காஸ், கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குவது. வீணாகக் கசிந்தால் உங்கள் பணத்தோடு நிற்பதில்லை.

ஹைப்ரிட் வைத்திருப்போருக்கு

அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் பெரிய பற்றரி குளிர்வது வாகனத்துக்குள் இருக்கும் காற்றினால்தான். உள்ளே வெந்தால் பற்றரியும் வேகும். திருத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவும் வேண்டாம். அவை உயர் அழுத்த மின்சாரம் செல்பவை.

எரிந்த மணம் வந்தால் உடனே புளோவரை அணைத்து, வாகனத்தை நிறுத்துங்கள். மாரி காலத்தில் புளோவர் இல்லாவிட்டால் முன்கண்ணாடி புகைபூத்து வீதி தெரியாமல் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வெயிலில் நிறுத்திய வாகனத்தின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் ஏறுவதாக 2005 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்றுத் திறந்துவைத்தும் பெரிய வித்தியாசமில்லை. ஏ.சி. வேலை செய்தாலும் இல்லாவிட்டாலும், கடைக்குப் போகும் ஐந்து நிமிடத்துக்குக்கூடப் பிள்ளையை உள்ளே விட்டுப் போகாதீர்கள்.