மைக்கை எங்கே வைப்பது? பியானோ ஒலிப்பதிவு பற்றி ஒரு குறிப்பு

பியானோ ஒலிப்பதிவுன்னாலே "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதை எங்கே வைப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பாடகரின் குரல் கிட்டத்தட்ட ஓரிடத்திலிருந்து வருகிறது. பியானோ அப்படியில்லை. ஸ்டெய்ன்வே டி மாடலின் நீளம் 274 செ.மீ. தந்தி, அடியில் இருக்கும் சவுண்ட்போர்டு, திறந்த மூடி, தரை என எல்லாப் பக்கமிருந்தும் ஒலி வரும். மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் போதும், வேறு பியானோ மாதிரி கேட்கும்.

ஜாஸ், பாப் பதிவுகளில் மைக்கை மூடிக்குள்ளேயே, தந்திகளுக்கு மேலே வைப்பார்கள். சுத்தியல் அடி பளிச்சென்று விழும். கீழ் ஸ்வரங்கள் இடது ஸ்பீக்கரில், மேல் ஸ்வரங்கள் வலதில். வாசிப்பவருக்கு அது ஓரளவு சரிதான். ஆனா பத்தாவது வரிசையில் உட்கார்ந்து பீத்தோவன் கேட்பவருக்குப் பியானோ அறையளவு அகலமாகவா இருக்கு? அதனால்தான் செவ்வியல் பதிவில் மைக் வெளியே வந்துவிடுகிறது. திறந்த மூடிக்கு எதிரே, பியானோவின் வளைவிலிருந்து ஒன்றரை முதல் மூன்று மீட்டர் தள்ளி. ஆக, மைக் நிற்கும் இடம்தான் கேட்பவரின் நாற்காலி.

இதை வேண்டுமென்றே கலைத்துப் பார்த்தவர் கனடாவின் க்ளென் கூல்ட். 1970களில் ஸ்க்ரியாபின், சிபேலியஸ் படைப்புகளைப் பதிந்தபோது, தந்திக்குப் பக்கத்தில் தொடங்கி அரங்கின் தொலைவு வரை பல வரிசைகளாக மைக்குகளை வைத்துத் தனித்தனியாகப் பதிந்தார். பிறகு சினிமாக்காரர் க்ளோசப், லாங் ஷாட் வெட்டுவதுபோல அவற்றைக் கலந்தார். புருனோ மோன்சேன்ஷோன் 1974-ல் எடுத்த படத்தில் இதைப் பார்க்கலாம். சின்ன படைப்புகளுக்கு அது பொருந்துகிறது. நீண்ட சொனாட்டாவுக்கு எனக்கு ஒத்துவராது. நடுவில் யாரோ நாற்காலியை இழுக்கிற மாதிரி இருக்கும்.

சாதாரணமாக ஆம்னி மைக் இரண்டு, அரை மீட்டர் இடைவெளியில் போதும். பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ், தள்ளி வைத்தால் கார்டியாய்ட் மைக்கில் அந்த அடிநாதம் மெலியும், ஆம்னியில் நிற்கும். விலையும் உண்டு: மின்விசிறி, தெரு ஹார்ன் எல்லாம் சேர்ந்தே வரும்.

இரண்டு மைக் என்றதும் இன்னொரு வம்பு. ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். ஒரு மைக்குக்கு அவ்வளவு தூரம் கூடுதலானால், இரண்டையும் மோனோவாகச் சேர்க்கும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு குழி விழும். 1500, 2500-லும் அப்படியே. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள செல்போனில் கேட்பவருக்கு நடு ஸ்வரங்கள் சில காணாமல் போகும். பிரெஞ்சு வானொலியின் ஓஆர்டிஎஃப் முறை இதைக் குறைக்கும்: இரண்டு கார்டியாய்ட், 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி கோணம். எதை வைத்தாலும், எல்லாக் கட்டைகளையும் வரிசையாக மெதுவாக வாசிக்கச் சொல்லி மோனோவில் கேளுங்க. ஏதாவது ஒன்று அமுங்கினால் ஸ்டாண்டை நகர்த்துங்க.

வீட்டு அறையில் இந்தத் தூரக் கணக்கெல்லாம் செல்லாது. தாழ்ந்த கூரையின் எதிரொலி உடனே திரும்பி வந்து எல்லாவற்றையும் டப்பாவுக்குள் போட்ட மாதிரி ஆக்கிவிடும். அங்கே ஒரு மீட்டருக்குள் போய்விடுவதே நல்லது. பெரிய அரங்கின் எதிரொலியை மென்பொருளில் பிறகு சேர்க்கலாம். பதிவில் ஏறிவிட்ட சின்ன அறையைப் பிரித்தெடுப்பது மகா கஷ்டம். கிட்டே போகும்போது பெடல் கிரீச்சிடுகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்க.