கொலைக்கும் கலைக்கும் ஒரே முகவரி

மலையகத்தில் முகவரி ஒரு பழைய பிரச்சினை. லயன் அறைகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து வீட்டுக்கு எப்போது போகும் என்பது நிச்சயமில்லை. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்த கதைகள் ஏராளம். இணையத்திலும் தமிழுக்கு அதே கதி நேரலாம் என்பதை, மாவனல்லையில் ஒரு சாட்சியத் தளத்துக்காக வேலை செய்தபோது தெரிந்துகொண்டேன்.

1977, 1981, 1983 ஆம் ஆண்டு வன்முறைகளுக்குப் பிறகு தோட்டத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். யுத்தம் அங்கும் அவர்களை விடவில்லை. சப்ரகமுவ தோட்டங்களில் எஞ்சியிருக்கும் உறவினர்கள் அவர்களைப் பற்றிச் சொல்வதைப் பதிவுசெய்து, ஒவ்வொரு பதிவுக்கும் தமிழிலேயே இணைய முகவரி கொடுப்பதுதான் நோக்கம். அதற்கு எடுத்துக்கொண்டது ஜாங்கோ என்ற இலவச மென்பொருள் சட்டகம்.

ஜாங்கோவில் முகவரிகளுக்கென ஒரு பட்டியல் உண்டு. யாராவது ஓர் இணைப்பைத் திறந்தால், மென்பொருள் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் வரி எதுவோ அதற்குரிய பக்கத்தைக் காட்டும். எதையும் ஏற்கும் பொதுவான வரியை மேலே எழுதினால், கீழே உள்ள குறிப்பான வரிகளுக்கு யாருமே வந்து சேரமாட்டார்கள். ஆகவே குறிப்பானது மேலே, பொதுவானது கீழே.

சிக்கல் எழுத்தில்தான் இருக்கிறது. தலைப்புகளுக்காக ஜாங்கோ தரும் 'ஸ்லக்' என்ற வகை ஆங்கில எழுத்து, எண், கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். தலைப்பை முகவரியாக மாற்றும் கருவியில் பிறமொழி எழுத்துகளை அனுமதிக்க வழியுண்டு. ஆனால் அதன் அடியில் இருக்கும் பைத்தன் மொழி, நமது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கெடுப்பதில்லை. கருவி அவற்றை நீக்கிவிடும். 'மாவனல்லை' என்பது 'மவனலல' ஆகிறது. 'ராணி'யும் 'ரேணு'வும் 'ரண' ஆகிறார்கள். 'கொலை', 'கலை', 'கல்' மூன்றும் 'கல' என்ற ஒரே முகவரிக்குப் போகின்றன.

காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. தளத்தின் அமைப்பைப் பொறுத்து, இரண்டாவது பதிவைச் சேமிக்கவே முடியாமல் போகலாம். அல்லது தேடி வந்தவர் வேறொருவருடைய கதையில் போய் நிற்கலாம்.

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 முதல், எந்த எழுத்துகளை ஏற்பது என்பதை நாமே வரையறுத்துச் சொந்த வகையை உருவாக்கலாம். யூனிகோட் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் எண்களையும் கோட்டையும் ஏற்குமாறு எழுதினால் போதும். தலைப்பை மாற்றும் கருவியையும் அதே விதிப்படி சில வரிகளில் எழுதிக்கொள்ளலாம்.

மூன்று விடயங்களைக் கூடவே கவனிக்க வேண்டும்.

முதலாவது, 'மாவனல்லை' என்றும் 'மாவனெல்லை' என்றும் எழுதுகிறோம். ஒன்றை நிலையான முகவரியாக வைத்து, மற்றதிலிருந்து நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். ஒருமுறை கொடுத்த முகவரி பிறகு செத்துப்போகக் கூடாது.

இரண்டாவது, தமிழ் முகவரி வாட்ஸ்அப்பில் பகிரும்போது குறியீடுகளாக நீளலாம். ஒவ்வொரு குறிக்கும் 9 எழுத்து வீதம், 'மாவனல்லை' என்ற சொல் மட்டும் 72 எழுத்து. பகிர்வதற்கென ஒரு குறுகிய முகவரியும் இருப்பது நல்லது.

மூன்றாவதுதான் முக்கியமானது. சாட்சி சொன்னவரின் பெயரை முகவரியில் வைக்கக் கூடாது. பக்கத்தைத் திறக்காமலே இணைப்பைப் பார்த்தவருக்குப் பெயர் தெரிந்துவிடும். இணைய வழங்கிகளின் பதிவேட்டிலும் அது தங்கிவிடும். 17, 18 என்று வரிசை எண்ணும் வேண்டாம். எண்ணை மாற்றித் தட்டினால், அனுமதிச் சோதனை இல்லாத தளத்தில் வெளியிடாத பதிவும் திறந்துவிடும். ஊகிக்க முடியாத குறியீடு, அதோடு ஊரின் பெயர், இவை போதும்.

சொன்னவரின் பெயர் மறைந்திருக்கலாம். சொன்ன கதை தன் முகவரியில் இருக்க வேண்டும்.