கொச்சிக் கரையும் நாட்டின் மின்சக்திக் கொள்கையும்

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலை நாடியும் பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களில் பலர் ஒருமுறையேனும் கொச்சிக்கு வந்திருப்பர். மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்கு, ஏலக்காய்ப் பண்டகசாலைகளின் மணத்தை நுகர்ந்தவர் அதனை எளிதில் மறவார். அந்த மட்டாஞ்சேரிக் கரையில், 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கொச்சி நீர்வழி மெட்ரோவின் புதிய படகுத்துறை ஒன்று திறக்கப்பட்டது. அங்கு வந்து செல்லும் படகுகள் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டவை; மின்கலங்களில் சேமித்த மின்சாரத்தைக் கொண்டு ஓடுபவை. அவசரத்திற்கு டீசல் ஜெனரேட்டர் ஒன்று உண்டெனினும், சாதாரண நாட்களில் அவை புகையும் பெரும் ஓசையும் இன்றிக் காயலைக் கடக்கின்றன. துறையில் நின்று கால் மணி நேரத்திற்குள் மின்கலத்தை நிரப்பிக்கொண்டு மீண்டும் புறப்படுகின்றன.

காண்பவர் மகிழ்வது இயல்பே. எனினும் மகிழ்ந்தபின் ஒரு கேள்வியும் கேட்கவேண்டும். மின்கலத்தை நிரப்பும் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எங்கோ தொலைவில் நிலக்கரியை எரித்து உண்டாக்கியதாயின், புகை ஒழியவில்லை. இடம் மாறியது, அவ்வளவே. ஆகவே ஒரு படகின் தூய்மை அந்தப் படகில் மட்டும் இல்லை. நாடு முழுவதற்குமான மின்சக்திக் கொள்கையில் இருக்கிறது. அக்கொள்கையைப் பற்றிச் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் மூன்று சொற்களின் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சொற்களைத் தவறாகப் பொருள் கொண்டால், கொள்கையை முழுவதுமே தவறாக விளங்கிக்கொள்ள நேரும்.

முதலில், இது கொச்சிக்கு ஏன் உயிர்நிலையான விஷயம் என்பதைக் கூறிவிடுகிறேன். கொச்சி, கடலுக்கும் காயலுக்கும் இடையே தாழ்ந்த மண்ணில் அமைந்த நகரம். கடல் ஓதம் மிகும் நாட்களில் சுற்றியுள்ள தீவுகளில் உப்புநீர் வீட்டு முற்றத்தினுள் புகுவதுண்டு. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் காற்றில் சேரும் கரியமிலவாயு பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. கடல்நீர் வெப்பத்தால் விரிகிறது; துருவப் பகுதிகளிலும் மலைகளிலும் உள்ள பனி உருகிக் கடலில் சேர்கிறது; கடல் மட்டம் உயர்கிறது. அன்றியும், வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவிகிதம் அதிகமான ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் ஒருங்கே பொழியும்போது மழை பெருமழையாகிறது.

கடல் மட்டத்திலிருந்து சிறிதளவே உயர்ந்த இத்தகைய ஊரில் வாழ்பவருக்கு, மின்சக்திக் கொள்கை என்பது டெல்லியில் யாரோ எழுதும் வெறும் காகிதம் அன்று.

இனி, நாடு அளித்துள்ள வாக்குறுதிகளைக் காண்போம். 2008-ஆம் ஆண்டில் பருவநிலை மாற்றத்திற்கான தேசியச் செயல்திட்டம் வெளியாயிற்று. 2010-இல் தேசிய சூரியசக்தி இயக்கம் தொடங்கிற்று. 2015-இல் பாரிஸ் உடன்படிக்கை உருவானபோது இந்தியா தன் இலக்குகளை உலகின்முன் வைத்தது. 2022 ஆகஸ்டில் அவற்றை உயர்த்தியது. அவ்வாறு உயர்த்திய இலக்குகளில் முதன்மையானவை இரண்டு. 2005-ஆம் ஆண்டோடு ஒப்பிட, 2030-க்குள் வாயு வெளியீட்டின் ‘செறிவை’ 45 சதவிகிதம் குறைப்பது ஒன்று. மின் உற்பத்திக்கான ‘நிறுவுதிறனில்’ பாதியை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வழிகளில் பெறுவது மற்றொன்று. இவற்றுக்கு முன்னரே, 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2070-க்குள் ‘நிகர பூஜ்ய’ நிலையை எய்துவோம் என்று பிரதமர் அறிவித்திருந்தார். செறிவு, நிறுவுதிறன், நிகர பூஜ்யம் என்னும் இம்மூன்றே நாம் அறியவேண்டிய சொற்கள்.

செறிவு என்பது வெளியீட்டின் மொத்த அளவு அன்று. வருமானத்திற்கும் வெளியீட்டிற்கும் உள்ள விகிதம். ஒரு வணிகர் 100 ரூபாய் ஈட்டுவதற்கு 100 கிலோ விறகு எரித்தார் என்று கொள்வோம். சில ஆண்டுகளில் அவர் திறமையால், 100 ரூபாய்க்கு 55 கிலோ போதும் என்றாகிவிட்டது. செறிவு 45 சதவிகிதம் குறைந்தது. ஆனால் அதே காலத்தில் அவர் வருமானம் 200 ரூபாயாக உயர்ந்திருக்குமாயின், அவர் எரித்த விறகு 110 கிலோ. முன்னிலும் பத்துக் கிலோ அதிகம்! ஆகவே, செறிவு குறைந்தது என்று படிப்பவர், புகை குறைந்தது என்று எண்ணிவிடலாகாது.

இதனை ஏமாற்று என்று தள்ளுவதும் நியாயம் அன்று. நம் நாட்டில் ஒருவர் பங்குக்கு வரும் கரியமிலவாயு ஆண்டொன்றுக்குச் சுமார் இரண்டு டன்; உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. இன்னும் பல இல்லங்களில் வசதிகள் பெருகவேண்டியுள்ள நாடு, நாளையே தன் மொத்த வெளியீட்டைக் குறைப்பேன் என்று கூறின், அந்தச் சுமை ஏழையின் தலையில்தான் இறங்கும். வளர்ச்சியையும் விடாமல், வீணையும் பெருக்காமல் செல்லும் இடைவழியே செறிவுக் குறைப்பு. அது முதற்படி, முடிவு அன்று.

இரண்டாவது சொல் நிறுவுதிறன். நாட்டின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி முதலியன அல்லாத வழிகளுக்கு 2025 ஜூன் மாதத்திலேயே வந்துவிட்டது. குறித்த ஆண்டுக்கு ஐந்தாண்டு முன்னதாகவே இலக்கு எட்டப்பட்டது. இது பெருமைக்குரியதே. ஆயினும் நாம் செலவிடும் மின்சாரத்தில் 70 சதவிகிதத்தை ஒட்டிய பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. இது எவ்வாறு?

விடையை நெடும்பாசேரியில் காணலாம். கொச்சிப் பன்னாட்டு விமான நிலையம் 2015 ஆகஸ்ட் 18 முதல், தன் தேவை முழுவதையும் சூரிய சக்தியால் ஈடுசெய்யும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயர் பெற்றது. அன்று 45 ஏக்கர் நிலத்தில் அமைந்த சூரியத் தகடுகளின் திறன் 12 மெகாவாட். அவை நாளொன்றுக்குத் தரக்கூடியது ஏறத்தாழ 48,000 யூனிட். அஃதாவது, முழுத்திறனில் நான்கு மணி நேரம் இயங்கியதற்குச் சமம். அதே 12 மெகாவாட் திறனுள்ள அனல்மின் நிலையம் ஒன்று நாளில் 16 மணி நேரம் இயங்கினால் 1,92,000 யூனிட் தரும். திறன் ஒன்றே, விளைவு நான்கு மடங்கு. திறன் என்பது பானையின் அளவு. உற்பத்தி என்பது அதில் வெந்த சோறு. பானைகளை எண்ணிச் சோற்றை மறக்கலாகாது.

மற்றொன்றும் உண்டு. விமான நிலையம் பகலில் மிஞ்சும் மின்சாரத்தை மாநில மின்வாரியத்தின் கம்பிகளுக்குத் தருகிறது. இரவில் தேவையானதைத் திரும்பப் பெறுகிறது. ஆண்டுக் கணக்கில் கொடுத்ததும் கொண்டதும் சரியாகலாம். ஆனால் இரவு எட்டு மணிக்கு அங்கு எரியும் விளக்கு சூரியனால் எரிவதன்று. இடுக்கி அணையின் நீரோ, வெளிமாநிலத்து நிலக்கரியோ அதனை எரிக்கிறது. கேரளம் தன் மின்தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெறுகிறது.

அந்த வழியையும் சற்றுக் காண்போம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரையில் நேர்மின்னோட்டப் பெருவழி ஒன்று வருகிறது. புகளூரிலிருந்து மலை கடந்து திருச்சூர் வரை, 2,000 மெகாவாட் கொண்டுசெல்லும் மற்றொரு வழி 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பிழைப்புக்காக மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வருவோர் நம்மவர் மட்டும் அல்லர். மின்சாரமும் அவ்வாறே வருகிறது! இன்று இவ்வழியில் நிலக்கரி மின்சாரம் தெற்கே வரலாம். ஆனி, ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் முழுவேகத்தில் சுழலும் நாட்களில், தெற்கில் மிஞ்சுவது அதே வழியில் வடக்கேயும் செல்லலாம். இரு திசையிலும் செல்லுமாறே அது அமைக்கப்பட்டுள்ளது. ராஜஸ்தானத்து வெயிலும், கன்னியாகுமரிக் காற்றும், இடுக்கி நீரும் ஒன்றையொன்று தாங்கவேண்டுமாயின், ஒரு மாநிலம் தனித்துச் செய்யும் காரியம் அன்று அது. அரசியலமைப்பு மின்சாரத்தைப் பொதுப்பட்டியலில் வைத்திருப்பதால், மத்திய அரசும் மாநிலங்களும் கூடி முடிவு செய்தாலன்றிக் கொள்கை உருப்பெறாது.

ஆகவே இன்றைய உண்மையான சிக்கல் தகடுகளின் எண்ணிக்கை அன்று, பொழுது. பகலில் கிடைப்பதை மாலைக்கு எவ்வாறு காப்பது? அதற்கு வழிகள் சில உள. கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறையில், மின்சாரம் மிகுந்த நேரத்தில் நீரை மேலணைக்கு ஏற்றி, தேவையான நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் 1980-களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. பெரிய மின்கலங்கள் மற்றொரு வழி. மூன்றாவது வழி விலை. 2023 ஜூன் மாதத்தில் மத்திய அரசு வகுத்த விதிப்படி, சூரிய ஒளி உள்ள நேரத்தில் மின்கட்டணம் 10 முதல் 20 சதவிகிதம் குறைவாகவும், தேவை உச்சமாகும் நேரத்தில் அதே அளவு கூடுதலாகவும் இருக்கவேண்டும். விவசாயம் நீங்கலாக மற்றவர்க்கு இதனைப் படிப்படியாகக் கொண்டுவருவது நோக்கம்.

இவ்விதி எவரைத் தொடும்? மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் பழைய சலவைத்துறை ஒன்று இருக்கிறது. அங்கு உழைப்போர் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுக்க அழைத்துவரப்பட்டோரின் வழிவந்தவர் தாம் என்று கூறிக்கொள்வர். முறுக்கிய கயிறுகளின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி வெயிலில் உலர்த்துகின்றனர். சூரிய சக்தி என்ற பெயர் வழங்குமுன்பே சூரியனைத் தொழிற்கருவியாக்கியவர்கள் அவர்கள்! ஆனால் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி வேண்டும். அல்லது மின்சாரம் வேண்டும். பகலில் தேய்க்க இயன்றவருக்குப் புதிய கட்டணம் இலாபம். பகலெல்லாம் துவைத்து உலர்த்திவிட்டு, மாலையில்தான் தேய்க்கமுடியும் என்பவருக்கு அதுவே நட்டம். நல்ல நோக்கமுள்ள விதியும் யார் எப்பொழுது உழைக்கிறார் என்பதைப் பார்த்தே வகுக்கப்படவேண்டும். கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்ட பின்னரே முடிவு செய்கின்றன. அங்கே சிறு தொழிலாளரின் குரலும் ஒலிக்கவேண்டும்.

மூன்றாவது சொல் நிகர பூஜ்யம். 2070-இல் ஒரு புகைக்கூண்டும் இராது என்பது இதன் பொருள் அன்று. வெளிவிடும் அளவும், காடு முதலியவற்றால் மீட்டு எடுக்கும் அளவும் சமமாகும் என்பதே பொருள். மரம் நட்டு ஈடுசெய்வதற்கு ஓர் எல்லை உண்டாகையால், எரிப்பது வெகுவாகக் குறைந்தே ஆகவேண்டும். அப்பொழுது எழும் கேள்வி, எரிபொருளை நம்பி வாழும் ஊர்களைப் பற்றியது. 1956 முதல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை நம்பி ஒரு நகரமே எழுந்தது. இன்று அங்கு பிறக்கும் குழந்தை 2070-இல் நடுத்தர வயதில் இருக்கும். அது வளர்ந்து என்ன வேலை செய்யும் என்பதை இன்றே எண்ணாத கொள்கை, கணக்கில் சரியாயினும் அறத்தில் குறையுடையது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தை நினைவுகூர்ந்து முடிக்கிறேன். இடுக்கியின் செறுதோணி அணையில் ஐந்து மதகுகளும் திறக்கப்பட்டன. பெரியாறு பெருகி, சூரிய சக்தியால் பெயர்பெற்ற அந்த விமான நிலையத்தினுள்ளேயே புகுந்தது. ஓடுபாதை நீரில் ஆழ்ந்தது. இரு வாரங்கள் விமானம் இறங்கவில்லை. அவ்வெள்ளத்திற்குக் காரணம் ஒன்றே என்று கூற இயலாது. எனினும் அது புகட்டும் பாடம் தெளிவு. தன் கடமையைச் செய்துவிட்ட இடமும், பிறர் செய்யாததால் வரும் துன்பத்திலிருந்து தப்புவதில்லை. ஒரு வீடு, ஒரு நிலையம், ஒரு மாநிலம் நன்று செய்தல் போதாது. நாடு செய்யவேண்டும், உலகும் செய்யவேண்டும்.

ஆகவே, எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், மின்சக்தி பற்றிய அறிவிப்பு ஒன்றைக் காணும்போது மூன்று கேள்விகளை மனத்திற் கொள்க. சொல்லப்படுவது விகிதமா, மொத்தமா? திறனா, உண்மையில் விளைந்த மின்சாரமா? இதன் சுமையை யார் தாங்குகிறார்? இவற்றுக்கு நேரான விடை கிடைக்கும் நாளில், மட்டாஞ்சேரித் துறையிலிருந்து புறப்படும் படகு மாலையிலும் உண்மையாகவே புகையின்றிச் செல்லும்.